சுரங்கத்தில் ஒருவருக்குத்தான் இடம்

தொண்ணூறுகளின் கடைசியில், ஞாயிற்றுக்கிழமை காலைகளில் நான் கொலை, கொள்ளை, துரோகம் மூன்றையும் நடத்திக்கொண்டிருந்தேன். இடம், எங்கள் ஊரின் கணபதிப் பகுதியில் ஒரு பிரவுசிங் சென்டர். பக்கத்து லேத் பட்டறைகள் ஞாயிறன்று மூடிக் கிடக்கும் என்பதால் அன்றைக்குத்தான் அங்கே காது கேட்கும்.

கம்ப்யூட்டரில் ஆட்டம் என்றதும் படமெல்லாம் ஓடியிருக்கும் என்று நினைக்க வேண்டாம். வெறும் எழுத்துதான். இன்டர்நெட்டில் ஒரு சாட் ரூம். அதில் நாலு பேர் ஆளுக்கொரு வேஷம் கட்டிக்கொண்டு, தாம் என்ன செய்கிறோம் என்பதைத் தட்டுவார்கள். அதனால் என்ன நடக்கிறது என்பதை நான் சொல்வேன். தமிழை ஆங்கில எழுத்தில் அடிப்போம். ஒவ்வொரு வரிக்கும் ஒரு ‘ங்க’ சேர்ப்பார்கள். இருந்த இணைப்பு வேகத்தில் பாதியை அந்த ‘ங்க’தான் தின்றது. ஆட்களை ஏற்றி இறக்குவது நான் என்பதால் என்னைக் கண்டக்டர் என்று கூப்பிட்டார்கள்.

நாலு பேரில் ஒருவர் என் தெருவிலேயே லேத் பட்டறை வைத்திருந்தவர். மகன் படிக்கட்டும் என்று கம்ப்யூட்டர் வாங்கி, அவனைக் கிட்டே அண்டவிடாமல் தானே உட்கார்ந்துகொண்டார். இன்னொருவர் கோட்டைமேட்டில் இரும்புக் கடை வைத்திருந்த பாய். லேத்காரருக்கு இரும்புக் கம்பி போடுவதும் அவர்தான். மூன்றாமவர் ஆனைமலைத் தோப்புக்காரர். அங்கே நாலு தூறல் விழுந்தால் அவர் போன் செத்துவிடும், அவர் வேஷமும் நின்ற இடத்தில் நிற்கும். நாலாவது, துடியலூரிலிருந்து ஒரு பெண். அண்ணனின் வியாபாரத்துக்காக வீட்டில் வந்த இணைப்பில், அண்ணன் இல்லாத நேரம் பார்த்து வருவார்.

இந்த ஆட்டத்தின் ருசியே ரகசியத்தில்தான் இருக்கிறது. பொது அறையில் அடிப்பதை எல்லாரும் படிக்கலாம். ஆனால் யார் யாருக்கு விஷம் வைக்கிறார், யார் காவலை விட்டு நழுவுகிறார் என்பதை எனக்கு மட்டும் தனியாக அனுப்ப வேண்டும். நான் முடிவை அறிவிக்கும்போது அறையே அலற வேண்டும்.

எங்கள் ஊரில் அந்தப் பருப்பு வேகவில்லை. இங்கே கொலைகூட மன்னிக்கப்படும், ஒரு வார்த்தை சொல்லாமல் செய்ததுதான் மன்னிக்கப்படாது. நிச்சயத்துக்கு ஒரு வார்த்தை சொல்லவில்லை என்று ஆயுசுக்கும் முகம் பார்க்காத பங்காளிகள் இங்கே தெருவுக்குத் தெரு உண்டு. அந்த ரத்தம் சாட் ரூமுக்குள் வந்தால் மாறிவிடுமா?

ஒருமுறை பாய் எனக்குத் தனியே அனுப்பினார், லேத்காரரின் சோற்றில் விஷம் என்று. எனக்கு ஒரே குஷி. விருந்தை விலாவாரியாக வர்ணித்தேன். லேத்காரரோ, “எனக்குப் பசியில்லீங்க” என்று அடித்தார். தூக்கிவாரிப் போட்டது. விசாரித்தால், பாய் முதல் நாளே கடையிலிருந்து போன் போட்டிருக்கிறார்.

“ஏனுங்க, நாளைக்கு உங்க சோத்துல வெசம் வெக்கலாம்னு இருக்கறனுங்க. ஒரு வார்த்தை சொல்லாம செஞ்சுபோட்டா நல்லாயிருக்காது பாருங்க.”

“அதுக்கென்னங்க, தாராளமா வெய்ங்க” என்றாராம் இவர்.

தலையில் அடித்துக்கொண்டேன். இவர்களை வைத்துக்கொண்டு துரோகம் நடத்துவதற்குப் பதில் பஜனை நடத்தியிருக்கலாம்.

கடைசிக் கட்டம் வந்தது. ஆனைமலைக் காட்டில் பாழடைந்த கோட்டை. வெளியே எதிரிப் படை. உள்ளே நாலு பேர். நாலு பேரும் வாசலைக் காத்தால் நாலு பேரும் பிழைப்பார்கள். ஒரு சுரங்கமும் உண்டு, ஒருவருக்குத்தான் இடம். ஒருவர் அதில் போனால் அவர் தப்பிப்பார், மற்ற மூவரும் சாவார்கள். இருவர் நுழைந்தால் மாட்டிக்கொண்டு எல்லாரும் சாவார்கள். இருப்பதா, போவதா என்று எனக்குத் தனியே சொல்ல வேண்டும்.

அந்த வாரம் துடியலூர்ப் பெண் எனக்கு மட்டும் எழுதினார். அவருக்குக் கல்யாணம் நிச்சயமாகிவிட்டதாம். அடுத்த ஞாயிறுக்குப் பிறகு வர முடியாதாம்.

“சித்தப்பாவுக்கு, மாமனுக்கு, சோசியருக்கு, எல்லாத்துக்கும் ஒரு வார்த்தை சொல்லிப்போட்டுத்தான் முடிவு பண்ணுனாங்க. எனக்குப் பால்காரர் சொல்லித்தானுங்க தெரியும். எங்க ஊட்டுல நான் எடுக்கற சீலைக்குக்கூட எல்லாரும் ஓட்டுப் போடறாங்க. இந்தச் சுரங்கம் ஒண்ணையாவது யாருக்கும் தெரியாம நானா முடிவு பண்ணோணும். உங்ககிட்டச் சொன்னா வெளிய போகாதுங்களா?”

“சத்தியமாப் போகாதுங்க” என்றேன்.

“சத்தியமெல்லாம் வேண்டாமுங்க. வாயை மூடிட்டு இருந்தாப் போதும்.”

ஞாயிறு வந்தது. மற்ற மூவரும் வழக்கம்போல ஒருவருக்கொருவர் முன்கூட்டியே சொல்லி, வாசலிலேயே இருப்பதாக முடிவு செய்திருந்தார்கள். துடியலூர்ப் பெண்ணிடமிருந்து ஒரே வார்த்தை வந்தது: “போறேன்.” நான் சுரங்கக் கதவை மூடினேன், கோட்டையை இடித்தேன், மூன்று பேரைக் கொன்றேன். யார் போனது என்று மட்டும் சொல்லவில்லை. கடைசியில் அறை அலறியது.

அந்த அலறலுக்கு நடுவே தனியாக ஒரு வரி வந்தது. “எல்லாரும் செத்துப்போட்டாங்களா?”

“ஆமாங்க.”

“ரொம்ப நல்லாயிருக்குதுங்க.”

எனக்கும் உள்ளுக்குள் குளிர்ந்தது. ஆனால் சந்தோஷம் ரெண்டு நாள்கூட நிற்கவில்லை. லேத்காரர் பாயைச் சந்தேகித்தார், பாய் லேத்காரரை. தோப்புக்காரர் பக்கம் அன்றைக்கு மழை, போனே இல்லை என்பதால் அவர் சந்தேகத்திலிருந்து தப்பித்தார். துடியலூர்ப் பெண்ணை யாரும் நினைத்துக்கூடப் பார்க்கவில்லை, அந்தப் பிள்ளை அப்படிச் செய்யாதாம். லேத்காரர் பாயிடம் பேசும்போது மரியாதை கூடிக்கொண்டே போனது. எங்கள் ஊரில் மரியாதை கூடினால் ஆள் கொதிக்கிறான் என்று அர்த்தம். கம்பியை வேறு கடையில் எடுக்கப்போவதாகப் பேச்சு வந்தது. தினமும் என் வீட்டுப் படியேறி, “கோவிச்சுக்க மாட்டமுங்க, யாருன்னு மட்டும் சொல்லிப்போடுங்க” என்றார்.

நாக்கு நுனிவரை வந்தது. விழுங்கிக்கொண்டு, “யாரும் போகலீங்க. ஆட்டம் சூடா முடியட்டும்னு நான்தான் கோட்டையை இடிச்சேன்” என்றேன்.

அவர் ஒரு படி இறங்கினார். “அதனால என்னங்க, பரவால்லீங்க” என்று கும்பிட்டார். கும்பிட்டபோதே புரிந்துவிட்டது. அவரும் பாயும் பழையபடி ஒன்றானார்கள். என் சாட் ரூமுக்கு மட்டும் யாரும் வரவில்லை. கள்ளாட்டம் ஆடுகிற கண்டக்டரை நம்பி யார் ஏறுவார்கள்? எவ்வளவு ஆசையாகக் கட்டிய ஆட்டம். அழுகைதான் வந்தது.

சில மாதங்கள் கழித்து ஒரு ஞாயிறு, பழக்கதோஷத்தில் காலி அறையைத் திறந்து வைத்திருந்தேன். துடியலூர்ப் பெண் வந்தார். இப்போது பெருந்துறையில் இருக்கிறாராம், கணவருடைய ஆபீஸ் கம்ப்யூட்டராம்.

“யாருகிட்டயும் சொல்லலீங்களே?”

“இல்லீங்க” என்றேன். என் ஆட்டமே அதனால் போனதைச் சொல்லவில்லை.

“நான் எங்க ஊட்டுக்காரர்கிட்டச் சொல்லிப்போட்டனுங்க.”

பற்றிக்கொண்டு வந்தது. நான் மானம் மரியாதையை விற்றுக் காத்த ரகசியத்தை இந்த அம்மணி அங்கே அவிழ்த்து உதறியிருக்கிறார். வாய்க்கு வந்ததை அடித்துவிட்டு, அனுப்பாமல் அழித்தேன். “அவர் என்ன சொன்னாருங்க?” என்று மட்டும் கேட்டேன்.

“சிரிச்சாருங்க. அப்புறம், ‘அந்தக் கோட்டையில நீயும் நானும் மட்டும் இருந்தா நீ என்ன பண்ணுவே?’ன்னு கேட்டாருங்க. என்ன பண்ணுவேன்னு என்னைய ஒருத்தர் கேட்டது அதுதானுங்க மொதத் தடவை.”

எனக்குக் கோபம் போன இடம் தெரியவில்லை. “நீங்க என்ன சொன்னீங்க?” என்று அடித்தேன்.



“அது உங்களுக்கு எதுக்குங்க?” என்று கேட்டுவிட்டு, வெளியேறிவிட்டார்.