சடங்குக்கு எடுத்த பச்சைப் பட்டு

தொடை இடுக்கில் ஒரு கட்டி. இருமினால் புடைத்தது, படுத்தால் உள்ளே போனது. குடலிறக்கம் என்று நினைத்துத்தான் தென்காசியில் டாக்டரிடம் போனோம். அப்போது நான் கல்லூரியில் கடைசி வருடம்.

"பீரியட்ஸ் ஒழுங்கா வருதா?" என்று டாக்டரம்மா கேட்டார்.

"மாசாமாசம் வருது டாக்டர்," என்றாள் அம்மா, கண்ணை இமைக்காமல்.

எனக்கு ஒருநாளும் வந்ததில்லை. "இன்னும் சமையலையா, வயசுக்கு வரலையா?" என்று கேட்டுக் கேட்டே ஊர் அம்மாவை அரித்துவிட்டது. உளுந்தங்களி கிண்டிக் கொடுத்துப் பார்த்தாள். கடைசியில், நான் வயதுக்கு வந்துவிட்டதாகச் சொல்லிப் பந்தல் போட்டுச் சடங்கே வைத்துவிட்டாள். தாய்மாமா மேளதாளத்தோடு பச்சைப் பட்டு கொண்டுவந்தார். அன்றே என்னைத் தன் மகனுக்குப் பேசியும் வைத்தார். அந்தச் சடங்கைக் காப்பாற்றத்தான் இப்போது டாக்டரிடமும் பொய்.

எனக்கு வந்ததே ஒரு கோபம்! "வரல டாக்டர். இன்னைக்கு வரைக்கும் வரல," என்றேன்.

ஸ்கேனில் கர்ப்பப்பை இல்லை. ரத்தப் பரிசோதனையில் குரோமோசோம் (மரபணுக்களைச் சுமக்கும் இழை) எக்ஸ்ஒய். பெண்களுக்குப் பொதுவாக எக்ஸ்எக்ஸ். டாக்டரம்மா பொறுமையாக விளக்கினார். ஒய்யில் உள்ள மரபணு, கருவிலேயே எனக்கு விந்தகங்களை உருவாக்கியிருக்கிறது. கட்டி அதுதான். அவை சுரந்த ஒரு ஹார்மோன் கர்ப்பப்பையை வளரவிடவில்லை. ஆண் ஹார்மோனும் சுரந்தது. ஆனால் அதை வாங்கிக்கொள்ளும் ஏற்பி (செல்லில் ஹார்மோன் பற்றும் இடம்) எனக்கு வேலை செய்யவில்லை. அதனால் உடம்பு பெண்ணாகவே வளர்ந்தது.

"அப்ப நான் யாரு டாக்டர்?"

"உள்ள வரும்போது யாரோ, அவளேதாம்மா."

இதே மாதிரி ஒரு ரிப்போர்ட்டோடு நீங்களும் உட்கார்ந்திருக்கலாம். அழுங்கள், நானும் அழுதேன். ஆனால் டாக்டரிடம் பொய் சொல்லாதீர்கள், சொல்லவும் விடாதீர்கள்.

விந்தகங்களை எடுக்கும் ஆபரேஷனுக்கு நாள் குறித்ததும் அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டாள். "மாமாட்ட குடலெறக்கம்னே சொல்லுவோம்ட்டி. கல்யாணம் முடியட்டும்."

பிள்ளை பிறக்காது என்று தெரிந்தே அத்தானை ஏமாற்றுவதா? முடியவே முடியாது என்றேன். நானே செங்கோட்டைக்குப் பஸ் ஏறிப் போய் மாமாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன்.

மாமா, "அப்ப அந்தச் சடங்கு?" என்றார்.

"பொய் மாமா."

"நான் எடுத்த சீல?"

"பத்திரமா வச்சிருக்கேன் மாமா."

துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "கல்யாணப் பேச்ச விட்டுருவோம். ஆபரேஷனுக்கு யாருட்டி கூட வருதா?"

அவரே வந்தார். அத்தைதான் இன்றுவரை பேசுவதில்லை.

விந்தகங்களை எடுத்துவிட்டதால் இப்போது தினமும் ஈஸ்ட்ரோஜன் (எலும்பையும் காக்கும் பெண் ஹார்மோன்) மாத்திரை. மாதம் என்பது எனக்கு மாத்திரை அட்டை தீர்வதுதான். குற்றாலத்தில் சாரல் விழுந்தால் சித்தி மகள்கள் அருவிக்குப் போக விரல்விட்டு மாதவிலக்கு நாள் எண்ணுகிறார்கள். நான் துண்டை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுகிறேன். இந்த உடம்பின் மேல் இப்போது எனக்குச் சந்தேகம் இல்லை.

போன சீசனில் அருவிக்கரையில் எங்கள் தெருக்காரி ஒருத்தி அம்மாவிடம், "மகளுக்கு என்னமோ கொறைன்னு சொல்லுதாவளே?" என்றாள்.

அம்மா என் தலையைத் துவட்டுவதை நிறுத்தவில்லை. "இங்கனதான நிக்கா. அவகிட்டயே கேளு, சொல்லுவா."

சொன்னேன்.