காளியம்மனிடம் அவர் கேட்டது

கோம்பையில் நாங்கள் குடியிருந்தபோது ஒரு வருஷம் எனக்கு உதிரப்போக்கு நிற்கவே இல்லை. தக்காளி பறிக்கக் குனிந்தால் கண் இருட்டும். தேனியில் டாக்டரம்மா ஸ்கேன் பார்த்துவிட்டு, கர்ப்பப்பையில் கட்டி இருக்கிறது, எடுத்துவிட வேண்டும், தள்ளிப்போட்டால் உயிருக்கே ஆபத்து என்றார். எனக்கும் எடுத்துவிடத்தான் மனசு. என் வீட்டுக்காரர்தான், "ஆத்தாகிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டு வந்துர்றோம்" என்று எழுந்துவிட்டார்.

போர் போடுவதோ மாடு வாங்குவதோ, காளியம்மனிடம் பூக் கேட்காமல் எங்கள் வீட்டில் எதுவும் நடக்காது. சிவப்பு அரளியையும் வெள்ளை அரளியையும் தனித்தனியாக இலையில் மடித்து அம்மன் காலடியில் போடுவார்கள். பூசாரி கண்ணை மூடிக்கொண்டு ஒன்றை எடுப்பார். சிவப்பு என்றால் செய்யலாம், வெள்ளை என்றால் கூடாது. எனக்கும் அதில் நம்பிக்கை உண்டு.

அன்று அவர் தனியாகப் போனார். திரும்பி வந்த முகமே வெள்ளை என்று சொல்லிவிட்டது.

"ஆத்தா வேணாங்கிறா. நான் என்னத்தச் செய்ய?"

"அவகிட்ட என்னன்னு கேட்டீக?"

"ஆப்பரேசனுக்கு நான் கையெழுத்துப் போடவான்னு கேட்டேன்."

"அப்ப ஒங்களத்தான போட வேணாம்னுருக்கா. என்னையச் சொல்லலையே."

"ஏத்தா, நீ வக்கீலுக்குப் படிச்சிருக்கணும்" என்றார்.

"அஞ்சாங்கிளாசோட நிப்பாட்டிட்டாகளே."

மறுநாள் இருவரும் தேனி பஸ்ஸில் ஏறினோம்.

ஆஸ்பத்திரியில் நர்ஸ் சம்மதத் தாளை அவரிடம்தான் நீட்டினாள். டாக்டரம்மா தடுத்தார். "அவரு எதுக்கு? மயங்கிக் கெடந்தாத்தான் வேற ஆளக் கேக்கணும். அம்மா நல்லாத்தான் இருக்காங்க." பிறகு என்னிடம், "என்ன பண்ணப் போறோம்னு நீங்களே சொல்லுங்க பாப்போம்" என்றார்.

"கட்டியோட பையையே எடுக்கப் போறீக. இனிமே பிள்ள பொறக்காது. பெத்த ரெண்டு போதும்."

மகளிர் குழுவில் போட்டுப் பழகிய கையெழுத்து, கோணாமல் வந்தது.

"கீழ சாட்சிக்கு ஐயா போடட்டும்" என்றார் டாக்டரம்மா.

அவர் பேனாவைப் பிடித்தபடியே நின்றார். "ஆத்தா என்னையப் போட வேணாம்னாளே."

"அது ஆப்பரேசனுக்கு. சாட்சிக்குக் கேட்டீகளா?" என்றேன்.

"கேக்கலையே."

"அப்ப எங்கிட்டக் கேளுங்க. முன்னாலதான இருக்கேன்."

நர்ஸ் சிரிப்பை அடக்கிக்கொண்டாள். அவர் நான் உட்கார்ந்திருந்த கட்டிலருகே குனிந்து, சன்னதியில் பேசுகிற அதே தணிந்த குரலில் கேட்டார்.

"போடவா?"

"போடுங்க" என்றேன்.

உடம்பு தேறியதும் இருவரும் போய்க் காளியம்மனுக்குப் பொங்கல் வைத்தோம். அன்று அவளிடம் எதுவும் கேட்கவில்லை. கும்பிட்டுவிட்டு மட்டும் வந்தோம்.