குமரேசனின் அப்பா மூன்று முறை செத்தார்

1. பூங்கொத்து

டவுன் ஹால் ரோட்டுப் பூக்கடையிலிருந்து ஒரு பெரிய பூங்கொத்து எங்கள் கம்பெனி வாசலில் வந்து இறங்கியது. முழுக்க வெள்ளைப் பூ.

"யாருக்கு ஸ்டெல்லாக்கா கல்யாணம்?" என்றார் வாட்ச்மேன்.

அட்டையைப் படித்தேன். எங்கள் எக்ஸ்போர்ட் மேனேஜர் குமரேசன் சாரின் அப்பா இறந்ததற்கு ஆழ்ந்த இரங்கலாம். ஜெர்மனி கஸ்டமர் பிரிகிட்டே மேடம் ஆன்லைனில் சொல்லி அனுப்பியிருந்தார்.

நானும் குமரேசன் சாரும் ஒரே ஊர், சோழவந்தான். முந்தின நாள் சாயங்காலம்தான் அவர் அப்பாவைப் பஸ் ஸ்டாப் கடையில் பார்த்திருந்தேன். பஜ்ஜி தின்றுகொண்டிருந்தார்.

எங்களுடையது கப்பலூரில் ரப்பர் பார்ட்ஸ் கம்பெனி. தண்ணீர்ப் பம்புக்குள் போடும் ரப்பர் வளையம்தான் பிரிகிட்டே மேடத்துக்குப் போகும் சரக்கு. நான் எக்ஸ்போர்ட் டாக்குமெண்ட் வேலை பார்த்தேன். அந்த மாதம் மெஷின் மக்கர் பண்ணி ஷிப்மெண்ட் தள்ளிப்போனது. அதை எழுதாமல் குமரேசன் சார் பெற்ற அப்பனைச் சாகடித்து மெயில் போட்டிருக்கிறார்.

"என்ன சார் இது அநியாயம்?" என்று கேட்டேவிட்டேன்.

"முடியலன்னு எழுதுனா மரியாதை போயிரும்க்கா. சாவுன்னா எவனும் மறுபேச்சு பேச மாட்டான்."

நம் ஊரில் அது சரி. சாவு விழுந்த துட்டி வீடு என்றால் கடன்காரன்கூடத் திரும்பிப் போவான். ஆனால் அங்கே சாவு என்றால் ஞாபகம் வைத்துக்கொள்கிறார்கள். அது இவருக்கு உறைக்கவில்லை.

எனக்கு வயிறு எரிந்ததற்கு வேறு காரணம் இருந்தது. வளையத்தின் ஓரத்தில் பிதுங்கி நிற்கும் ரப்பரை வெட்டி எடுக்கிற ட்ரிம்மிங் செக்ஷன் முழுவதும் பெண்கள். அவர்களில் ஒருத்தி என் தங்கச்சி ஜெயராணி. புருஷன் இல்லாதவள். பொய் வெளிப்பட்டு ஜெர்மனி ஆர்டர் கைவிட்டுப் போனால் அவளும் வீட்டுக்குப் போக வேண்டியதுதான்.

2. எத்தனை அப்பா?

சில மாதம் கழித்து பிரிகிட்டே மேடம் நேரில் வந்தார். அதற்குள் குமரேசன் சார் இன்னொரு மெயிலில் அப்பாவை மறுபடியும் கொன்றிருந்தார். பழசை மறந்துவிட்டாராம்.

கான்ஃபரன்ஸ் ரூமில் முதலாளி, குமரேசன், நான். காபியும் முறுக்கும் வந்தன. மேடம் நிதானமாக இங்கிலீஷில் கேட்டார்.

"மிஸ்டர் குமரேசன், உங்களுக்கு எத்தனை அப்பா?"

மதுரையில் இந்தக் கேள்வியைக் கேட்டவன் முழுசாக வீடு போய்ச் சேர மாட்டான். பெற்றவளைத் திட்டுகிற கேள்வி அது. குமரேசனுக்கு முகம் கறுத்துவிட்டது. முதலாளி முறுக்கை வாய்க்குப் பாதி வழியில் நிறுத்திவிட்டார். ஆனால் மேடம் முகத்தில் கோபம் இல்லை. அவர் திட்டவில்லை, கணக்குக் கேட்டார்.

குமரேசன் சமாளித்தார். "எங்க ஊர்ல பெரியப்பா, சித்தப்பா எல்லாரும் அப்பாதான் மேடம்."

"அப்படியா? மொத்தம் எத்தனை பேர்?"

"அஞ்சு."

"அஞ்சு," என்று மேடமும் ஒரு தடவை சொன்னார்.

அவர் கார் கேட்டைத் தாண்டியதும் முதலாளி தொடையில் தட்டிச் சிரித்தார். "மாப்ள, இன்னும் மூணு ஸ்டாக் இருக்குடா!"

எனக்குச் சிரிப்பு வரவில்லை. அந்த அம்மா ஒரு வார்த்தையும் நம்பவில்லை என்று கண்ணைப் பார்த்தே தெரிந்தது. அதற்குப் பிறகு எதற்கெடுத்தாலும் போட்டோ கேட்டார். கரண்ட் இல்லையா, போட்டோ. லாரி நின்றுவிட்டதா, போட்டோ. வேறு கம்பெனியைப் பார்த்து வைத்துவிட்டார் என்று நான் சந்தேகப்பட்டேன். அவர் எங்களைச் சந்தேகப்பட்டார். வேலை அப்படியே ஓடியது.

3. ஐஸ் பெட்டி

அடுத்த வருட ஆர்டரை வீடியோ காலில் பேசி முடிக்க வேண்டிய நாள். அன்று விடியும்போது குமரேசனின் அப்பா நிஜமாகவே இறந்துவிட்டார். நெஞ்சுவலி.

நானும் ஜெயராணியும் சாவு வீட்டில் மாலை போட்டுவிட்டு, கம்பெனிக்குப் பஸ் பிடித்தோம். மகன் எங்கே என்று அந்த வீட்டில் எல்லோரும் கேட்டுக்கொண்டிருந்தார்கள். கப்பலூர் போனால், மகன் கான்ஃபரன்ஸ் ரூமில் லேப்டாப் முன்னால் டை கட்டி உட்கார்ந்திருக்கிறார்.

"ஏம்ப்பா, உங்கப்பா அங்க ஐஸ் பெட்டில கிடக்காரு. இங்க என்ன பண்ற?" சார் என்று வாயில் வரவில்லை.

"என்னன்னு சொல்லிட்டுப் போகக்கா? அப்பா செத்துட்டாருன்னா? அந்தம்மா சிரிக்கும். பேசி முடிச்சதும் போறேன்."

முதலாளி பக்கத்தில் நின்றார். "கொஞ்ச நேரந்தான ஸ்டெல்லா. ஆர்டர் வேணாமா?"

"கொள்ளி வைக்கிறவன் இல்லாம எப்படிண்ணே எடுப்பாக?"

அதற்குள் திரையில் மேடம் வந்துவிட்டார். லேப்டாப்பை என் பக்கம் திருப்பினேன். ஜெயராணி முகம் மனசில் வந்தது. ஆனாலும் வாய் நிற்கவில்லை.

"மேடம், இவர் அப்பா இன்று காலையில் இறந்துவிட்டார். இதற்கு முன்னால் இறந்தது இரண்டும் பொய். இரண்டு தடவையும் எங்களால் சரக்கை முடிக்க முடியவில்லை, அதைச் சொல்ல வெட்கப்பட்டார்கள். இது நிஜம். நம்புவதும் நம்பாததும் உங்கள் இஷ்டம்."

முதலாளி என்னைப் பார்த்த பார்வையில் என் வேலை போயிருந்தது. மேடம் கேட்டார்.

"அப்படியென்றால் அவர் ஏன் இன்னும் அங்கே உட்கார்ந்திருக்கிறார்?"

குமரேசன் செருப்பைக்கூடச் சரியாக மாட்டாமல் ஓடினார்.

ஒரு வருட ஆர்டர் கிடைக்கவில்லை. மேடம் ஆறு மாதத்துக்குத் தந்தார், பார்த்துவிட்டு நீட்டிப்பதாகச் சொன்னார். ஜெயராணி வேலை தப்பித்தது, என் வேலையும். இந்தத் தடவை பூங்கொத்து வரவில்லை.

4. படம்

அடுத்து வந்தபோது, குமரேசனின் சோழவந்தான் வீட்டுக்குப் போக வேண்டும் என்று மேடமே கேட்டார். என்னையும் கூட்டிப்போனார்கள். கூடத்தில் அப்பா படம், மாலை, சின்ன பல்பு. படத்துக்குக் கீழே தோற்றம், மறைவு. மேடத்துக்குத் தமிழ் தெரியாது. தேதி தெரியும். கண்ணாடியை மாட்டிக்கொண்டு, கிட்டப் போய், நின்று படித்தார். அப்புறம்தான் குமரேசனின் அம்மா கையைப் பிடித்துக்கொண்டார். ரொம்ப நேரம் விடவில்லை.

திரும்பும்போது குமரேசன் என் காதோரம் சொன்னார். "துட்டி கேக்க எம்புட்டுத் தூரம் வந்திருக்காக, பாத்தீகளாக்கா!" கண் கலங்கியிருந்தது.

தேதியைச் சரிபார்க்க வந்தார் என்று நான் அவரிடம் சொல்லவில்லை. துட்டி கேட்கவும் வந்திருக்கலாம். மேடத்தின்மேல் எனக்குக் கோபம் இல்லை. சரிபார்க்கிற நிலைமையில் அவரை வைத்தது நாம்தான்.

நான் ரிட்டயர் ஆன பிறகும், வெளிநாட்டுக் கஸ்டமரிடம் எப்படிப் பழகுவது என்று புதுப் பிள்ளைகளுக்குச் சொல்லக் கூப்பிடுகிறார்கள். கை குலுக்குவது, முள்கரண்டி பிடிப்பது எல்லாம் எனக்குத் தெரியாது. நான் சொல்வது இவ்வளவுதான்: முடியவில்லை என்றால் முடியவில்லை என்று எழுது. திட்டினால் வாங்கிக்கொள். வீட்டு ஆட்களை உயிரோடு விடு. அவர்கள் நிஜமாகச் சாகிற அன்று அழுவதற்கு உனக்கு லீவு வேண்டும்.