பரந்தாமன் ஒயர் போட்ட கச்சேரி

அம்பத்தூர் எஸ்டேட்டில் பேனல் போர்டுக்கு ஒயரிங் செய்யும் பரந்தாமனின் வேலையில் இதுவரை யாரும் குறை சொன்னதில்லை. சொல்ல வந்தவர்களும் முதலில் அவன் தங்கை கவிப்பிரியாவின் பெருமையைக் கேட்டாக வேண்டும். "கீபோர்டுல ஒக்காந்தா ரெண்டு கையும் ரெண்டு ஆளு சார்" என்று அவன் தொடங்கினால், வந்தவருக்கு வந்த விஷயம் மறந்துவிடும்.

சென்னீர்குப்பம் கோயில் ஆடித் திருவிழாவுக்குக் கச்சேரி பேச வந்த பார்த்தசாரதிக்கு மட்டும் அந்த இரண்டு ஆள் போதவில்லை.

"கையில வாசிக்கறதெல்லாம் பழசும்மா. இப்ப எல்லாரும் மிஷின் வெச்சிகினு கும்முனு அடிக்கிறாங்க. நீயும் வை. நல்லா இருந்தா திருவேற்காட்டுல என் மச்சான் நடத்தற விழாவுக்கும் நீதான்."

திருவேற்காட்டு மேடை அவளுடைய நெடுநாள் ஆசை. தோழியிடம் ஒரு சீக்குவென்சரை இரவல் வாங்கி வந்தாள். முன்பே பதிந்து வைத்த சுரங்களை மிடி ஒயர் வழியாக அனுப்பி, சின்தசைசர் கீபோர்டைத் தானாகவே வாசிக்க வைக்கும் சின்னப் பெட்டி அது. வீட்டில் இணைத்துப் பார்த்தபோது, யாரும் தொடாமலே கீபோர்டு வாசித்தது. பரந்தாமனுக்கு அந்த அதிசயத்தைவிடத் தரையில் சிக்கலாகக் கிடந்த ஒயர்தான் கண்ணை உறுத்தியது.

திருவிழா அன்று அவள் பாடகருடன் மைக் சரிபார்க்கப் போன நேரத்தில், அவன் எல்லாவற்றையும் பிடுங்கினான். ஒரு பெட்டியின் 'அவுட்'டை இன்னொன்றின் 'இன்'னில் செருகியிருந்தாள். பேனலில் ஒன்றாம் நம்பர் ஒன்றாம் நம்பருக்குத்தான் போகும். சின்னப் பெண், அவசரத்தில் மாற்றிவிட்டாள் என்று மனதுக்குள் மன்னித்து, அவுட்டுக்கு அவுட், இன்னுக்கு இன் என்று திருத்தினான். ஒயருக்கு உறை போட்டு, விரற்கடைக்கு ஒரு பிளாஸ்டிக் டை கட்டி, லேபிள் ஒட்டினான். பார்த்தசாரதி அதைப் போட்டோவே எடுத்துக்கொண்டார்.

முதல் பாட்டு தொடங்கியது. கவிப்பிரியா பொத்தானை அழுத்தினாள். பெட்டியில் விளக்குகள் வரிசையாக ஓடின. கீபோர்டில் சத்தமே இல்லை. ஒயரைப் பார்த்தாள். பிரிக்கக் கத்தி வேண்டும். இடது கையைக் கீழ்க்கட்டைகளுக்கு நகர்த்தி, பெட்டி வாசிக்க வேண்டிய கும்மென்ற பேஸையும் தானே வாசிக்க ஆரம்பித்தாள்.

மேடைக்குப் பின்னால் பரந்தாமன் மைக் செட் வேம்புலியின் தோளைத் தட்டினான். "மிஷின் இன்னா போடு போடுது பாத்தியா? எல்லாம் நம்ம ஒயரிங்கு!"

கச்சேரி முடிந்ததும் தங்கையிடமும் அதையே சொன்னான். அவள் விரல்களை உதறிக்கொண்டாள்.

"அண்ணா, அவுட்டுதான் வாய், இன்னுதான் காது. நீ வாயோட வாயையும் காதோட காதையும் சேத்துக் கட்டிட்டுகீற. யாரு பேசி யாருக்குக் கேக்கும்?"

"அப்போ அந்த சவுண்டு?"

அவள் இடது கையைக் காட்டினாள். விரல் நுனிகள் சிவந்திருந்தன.

அதற்குள் பார்த்தசாரதி வந்துவிட்டார். "மிஷின் பிரமாதம் நைனா! திருவேற்காட்டுக்குப் பொட்டி வந்தா போதும்னுட்டான் மச்சான். அத்த ஓட்ட நம்ம பசங்க கீறாங்க. பாப்பாவுக்கு எதுக்கு செரமம்?"

கவிப்பிரியா பெட்டியைத் துடைத்தாள். பரந்தாமன், எஸ்டேட்டில் யாருமே அவன் வாயால் கேட்டிராததைச் சொன்னான்.

"அண்ணாத்தே, நான் ஒயர தப்பா போட்டுட்டேன். மிஷின் வாசிக்கவே இல்ல. எல்லாம் இவதான்."

பார்த்தசாரதி சிரித்தபடி போனில் இருந்த போட்டோவை நீட்டினார். "இவ்ளோ நீட்டா போட்டுட்டு தப்புன்றியே. தங்கச்சி பாசம் வேணும்தான், அதுக்குன்னு இப்டியா?"

பரந்தாமன் கட்டரை எடுத்தான். தான் கட்டிய டைகளை ஒவ்வொன்றாக வெட்டி, மிடி ஒயர்களை மட்டும் உருவிச் சுருட்டி அவர் கையில் கொடுத்தான். "கவி, வாசிம்மா."

வாசித்தாள். மேடைப் பலகை அதிர்ந்தது. பார்த்தசாரதி கையிலிருந்த ஒயரைப் பார்த்தார், கீபோர்டைப் பார்த்தார், குனிந்து மேசைக்கு அடியிலும் பார்த்தார்.

"ஒயர்லெஸ்ஸா?"

பரந்தாமன் தங்கையைப் பார்த்தான். அவள் சிரிப்பை அடக்கிக்கொண்டிருந்தாள்.

"ஆமா அண்ணாத்தே. ஆனா இவ கை பட்டாதான் வேலை செய்யும்."

"அத மொதல்லயே சொல்றதுக்கு இன்னா? அப்ப தங்கச்சியையும் மறக்காம எடுத்துகினு வந்துடு."