வீதிப் பக்கம் ஒரு கதவு

கட்டுகஸ்தோட்டையில் எங்கள் கோயிலுக்கு நான் செயலாளராக வந்ததற்குக் காரணம் பக்தி அல்ல. பிரதேச செயலகத்துக்குச் சிங்களத்தில் பிழையில்லாமல் கடிதம் எழுதத் தெரிந்தவள் சபையில் நான் ஒருத்திதான். கண்டியில் ஓர் அலுவலகத்தில் எழுதுவினைஞராக இருக்கிறேன். எந்தக் கட்டத்தில் என்ன எழுதினால் படிவம் மேசை தாண்டும் என்பது எனக்குத் தெரியும். அதனாலேயே மாட்டிக்கொண்டேன்.

சமூக அபிவிருத்திக்கு அரசாங்கம் உதவி தருகிறது, மத அமைப்புகளும் கேட்கலாம் என்று அறிவித்தல் வந்தது. கூடவே விதிகள். பூசைக்கும் திருவிழாவுக்கும் அந்த உதவியைத் தொடக் கூடாது. கட்டுகிற இடம் எல்லாச் சமயத்தவருக்கும் திறந்திருக்க வேண்டும். வருகிறவர்களைக் கும்பிடச் சொல்லக் கூடாது.

எங்கள் தலைவர் இரும்புக்கடை வைத்திருப்பவர். சுவாமி வாகனங்கள் ஒழுகும் கொட்டகையில் ஊறுகின்றனவே என்பதுதான் அவர் கவலை.

"பொது மண்டபம்னு எழுதும்மா. கட்டி முடிஞ்சதும் வாகனத்த வச்சுக்கலாம். யாரு வந்து பாக்கப் போறா?" என்றார்.

நானும் எழுதினேன். தாய்மாருக்கு கிளினிக், பிள்ளைகளுக்கு வகுப்பு என்றெல்லாம் அழகாகச் சேர்த்தேன். எழுதும்போது கை கூசவில்லை.

ஆனால் ஆள் வந்தார். அபிவிருத்தி உத்தியோகத்தர், அக்குறணையைச் சேர்ந்த முஸ்லிம் இளைஞர். நாங்கள் கொடுத்திருந்த வரைபடத்தை விரித்து நெடுநேரம் பார்த்தார். மண்டபத்துக்கு ஒரே கதவு. அதுவும் சந்நிதிக்கு நேரே கோயிலுக்குள் திறந்தது.

"மிஸ், எங்கட உம்மா ஒரு நாளைக்கு இந்த கிளினிக்குக்கு வாரதெண்டா, எந்தப் பக்கத்தால வருவா?"

"கோயிலுக்குள்ளாலதான்," என்றேன்.

"நீங்க விட்டாலும் அவ கூச்சப்பட்டுத் திரும்பிப் போயிடுவா." அவர் குரலில் கோபமே இல்லை. "எங்க ஊர்ப் பள்ளிவாசல் ஃபோமையும் நான்தான் திருப்பி அனுப்பினேன். லைப்ரரி எண்டு எழுதிட்டு, படத்துல தொழுற இடத்தக் கீறி இருந்தாங்க. இப்ப ஊர்ல ரெண்டு பேர் என்னோட பேசுறதில்ல."

சொந்த ஊரிலேயே பகையைத் தேடிக்கொண்ட மனிதரிடம் பொய்யை நீட்டிக்கொண்டு நிற்பது எனக்கு அவமானமாக இருந்தது. "சேர், இது வாகனம் வைக்கத்தான்," என்று சொல்லிவிட்டேன்.

அவர் படிவத்தை என் கையில் திருப்பித் தந்தார். "வாபஸ் எண்டு ஒரு கடிதம் தாங்க. முடிவு திகதிக்கு இன்னும் ஒரு கிழமை இருக்கு. உண்மையாவே பொது மண்டபம் கட்டுறதெண்டா புதுசா எழுதுங்க. நானே வந்து பார்க்கிறேன்."

அன்று மாலை சபை கூடியது. தலைவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. "உன்ன யாரும்மா சொல்லச் சொன்னது?"

"பொய்க்குக் கையெழுத்துப் போட என்னால முடியாதுங்க. வேணும்னா வேற செயலாளர பாத்துக்குங்க. மண்டபம் வேணும்னா வீதிப் பக்கம் மதில ஒடச்சுக் கதவு வைக்கணும்."

அந்த மதில் அவர் முன்னின்று கட்டியது. எழுந்து போய்விட்டார். என் செயலாளர் பதவி முடிந்தது என்றுதான் நினைத்தேன்.

மறுநாள் காலை நான் பஸ்ஸுக்கு நின்றபோது அவர் மதில் ஓரமாக நின்றுகொண்டிருந்தார். எதிரே மூடிக் கிடந்த கடையின் முன் கூரைக்கடியில்தான் தாய்மாரையும் குழந்தைகளையும் பார்க்கும் அரசாங்க மருத்துவமாது கிளினிக் நடத்துவார். அன்று நல்ல தூறல். இடம் போதாமல் நான்கைந்து தாய்மார் குடையும் கைக்குழந்தையுமாகத் தெருவில் நின்றார்கள். என்னைக் கண்டதும் தலைவர் கையசைத்துக் கூப்பிட்டார்.

"கதவு எத்தன அடி அகலம் வைக்கணும்? சக்கர நாற்காலியும் வரணும்ல?"

பஸ்ஸை விட்டுவிட்டு அங்கேயே நின்று அளந்தோம்.

வாகனக் கொட்டகைக்குத் தம் கடையிலிருந்தே தகரம் கொண்டுவந்து போட்டார். மண்டபத்துக்கு நான் புதிதாக எழுதினேன். இம்முறை அலங்காரம் எதுவும் சேர்க்கவில்லை. அனுமதி கிடைத்தது.

மண்டபம் கட்டி முடிந்து முதல் கிளினிக் நடந்த அன்று அரை நாள் லீவு போட்டேன். சேறு பட்ட செருப்போடு ஒரு முஸ்லிம் பெண் குழந்தையைத் தூக்கிக்கொண்டு வாசலிலேயே தயங்கி நின்றாள்.

"கழட்டணுமா?" என்று கேட்டாள்.

"வேணாம்மா, அப்புடியே வாங்க. இது கோயில் இல்ல, நம்ம மண்டபம்," என்றார் தலைவர்.

அவளுக்குப் பின்னால் இரண்டு சிங்களத் தாய்மார் வந்தார்கள். ஊசி போட்ட குழந்தைகள் மாறி மாறி வீரிட்டன. உட்காரக் கதிரைகள் போதவில்லை. தலைவர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு பக்கத்துக் கடைக்கு ஓடினார், இரவல் வாங்கிவர.