மாமாவின் பயம், என் பெயரில்

எட்டு வயதில் எனக்குப் பயம் இல்லாத பொருள் மிகவும் குறைவு. லிஃப்டுக்குப் பயம். யாராவது ஊதிக்கொண்டிருக்கும் பலூனுக்குப் பயம். காஸ் சிலிண்டர் மாற்றும்போது வரும் 'உஸ்' சத்தத்துக்கு வாசல் வரை ஓடுவேன். கணக்கு டீச்சரைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். பின்னால் ஒன்பதாம் வகுப்போடு நான் பள்ளிக்கூடத்துக்கு முழுக்குப் போட்டதில் அந்தப் பாடத்துக்குப் பெரிய பங்கு உண்டு. அப்படிப்பட்ட எனக்கு, ஏனோ, நாயிடம் மட்டும் பயமே கிடையாது. நாயைப் பார்த்தால் சிரிப்பு வரும், அதன் காதைத் தொட்டுப் பார்க்கக் கை பரபரக்கும். என்னிடம் இருந்த ஒரே தைரியம் அது. அதையும் மறைத்து வைக்கச் சொல்லிக் கேட்டார் மாமா.

மாமா என்றால் அம்மாவின் தம்பி. கொட்டிவாக்கத்தில் எங்களோடுதான் இருந்தார். தி.நகரில் பாண்டி பஜாருக்குப் பின்னால் ஒரு சந்தில் பிளவுஸ் துணிக் கடை வைத்திருந்தார். ஆறடி உயரம், அதற்கேற்ற மீசை. தீபாவளி நேரத்தில் புடவைக்குப் பொருத்தமான துணி கிடைக்காத பெண்கள் கூட்டமாக நின்று கத்தினாலும், "அக்கா, ஒரு நிமிஷம்" என்று சிரித்துக்கொண்டே சமாளிப்பார். ஆனால் தெருமுனையில் ஒரு நாய் படுத்திருந்தால் அப்படி ஒரு தெரு இருப்பதையே மறந்துவிடுவார். அது தூங்கிக்கொண்டிருந்தாலும் சரி. "தூங்கறது எழுந்திருக்கும்ல?" என்பார்.

வீட்டில் இது எங்களுக்கு நிரந்தரப் பொழுதுபோக்கு. சாப்பிடும்போது அப்பா மேஜைக்கடியில் குனிந்து மெல்ல உறுமிக் காட்டுவார். மாமா தட்டோடு எழுந்து நிற்பார். எல்லோரும் சிரிப்போம். லிஃப்டுக்குப் பயந்து மூன்று மாடி ஏறி வரும் நானும் சிரிப்பேன்.

முப்பது தாண்டியும் மாமாவுக்குக் கல்யாணம் அமையவில்லை. ஜாதகம் பொருந்தினால் கடை சந்தில் இருப்பது பொருந்தாது. கடைசியில் பெசன்ட் நகரில் ஓர் இடம் வந்தது. எங்கள் ஊர்ப் பக்கத்து மனிதர்கள், மெட்ராஸுக்கு வந்து வெகு காலம் ஆனவர்கள். பெண் தரமணியில் ஓர் ஆபீஸில் வேலை பார்த்தார். பெண் பார்த்து, காபி குடித்து, இரண்டு பக்கமும் பிடித்துப்போய், இனி தேதி குறிக்க வேண்டியதுதான் என்று இருந்தபோது பெண்ணின் அப்பா ஒரு நிபந்தனை வைத்தார்.

"சொந்தக்காரங்க சொல்றதை நான் நம்பறதில்ல. தம்பி ஒரு வாரம் காலைல என்னோட பீச்சுல நடக்கட்டும். கூட நடந்தாத்தான் ஆள் எப்படின்னு தெரியும்."

அவர் விளையாட்டுக்குச் சொல்லவில்லை. முன்னால் வந்த ஒரு மாப்பிள்ளை டீ குடித்துவிட்டுக் கப்பை மணலில் வீசினார் என்பதற்காகவே அந்தச் சம்பந்தத்தை வேண்டாம் என்றவர் அவர். தரகர் இதை எங்களிடம் ரகசியமாகச் சொல்லி, "கப்பை மட்டும் குப்பைத் தொட்டில போடச் சொல்லுங்க, முடிஞ்சுது" என்று தைரியம் கொடுத்தார்.

அம்மாவுக்கு நிம்மதி. "நடக்கத்தானே சொல்றாரு, மலையா ஏறச் சொல்றாரு?" என்றாள். மாமாவின் முகத்தில்தான் ரத்தமே இல்லை. பெசன்ட் நகர் கடற்கரையை விடிகாலையில் பார்த்தவர்களுக்குக் காரணம் தெரியும். மாலையில் அது மனிதர்களுக்கு. பஜ்ஜி, சுண்டல், ராட்டினம், வேளாங்கண்ணி மாதா கோயிலுக்கு வந்துவிட்டுக் கால் நனைக்க வருகிறவர்கள். காலையில் அது நாய்களுக்கு. தெரு நாய்கள்கூடப் பரவாயில்லை, மணலில் குழி பறித்துத் தம் பாட்டுக்குக் கிடக்கும். காரில் வந்து இறங்குகிற வீட்டு நாய்கள்தான் வேறு மாதிரி. இறங்கியதும் கயிற்றை அவிழ்த்துவிடுவார்கள். வீட்டில் கிடைக்காத சுதந்திரம் முழுவதையும் அவை அந்த அரை மணி நேரத்தில் அனுபவித்தாக வேண்டும்.

மாமா என்னை மொட்டை மாடிக்குக் கூட்டிப்போனார்.

"பாப்பா, உனக்கு நாய்னா பயம்."

"இல்லியே மாமா."

"இனிமே பயம்."

அவர் கணக்கு எளிமையானது. பெரியவன் பயம் என்று சொன்னால் சிரிப்பார்கள். சின்னப் பிள்ளைக்குப் பயம் என்று சொன்னால் நாயைப் பிடித்துக்கொள்வார்கள். "நீ பயப்படு, மீதியை நான் பாத்துக்கறேன்" என்றார். கூலியாகக் குதிரை சவாரி பேசினார். குதிரை என்றால் எனக்கு உயிர் போகும் என்பது அவருக்கு மறந்துவிட்டது. கடைசியில் மிளகாய்த்தூள் தடவாத சோளக்கதிரில் வந்து முடிந்தது.

ஒத்திகையும் நடந்தது.

"நாய் வருது. என்ன செய்வ?"

"அழுவேன்."

"அழாத. அழுதா கூட்டம் கூடும். என் கையைப் புடிச்சுக்கிட்டு, 'மாமா'ன்னு மெதுவா சொல்லு. போதும்."

மறுநாள் காலை ஸ்கூட்டரில் போய் இறங்கினோம். பெண்ணின் அப்பா வெள்ளை கேன்வாஸ் ஷூவில் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார். மாமாவுக்கு அவரை எப்படிக் கூப்பிடுவது என்றே குழப்பம். 'சார்' என்றால் அந்நியம். 'மாமா' என்றால் பெண்ணைக் கொடுப்பதற்கு முன்பே எடுத்துக்கொண்ட மாதிரி. அதனால் எல்லா வாக்கியத்தையும் "வந்து..." என்றே ஆரம்பித்தார்.

"வந்து... அக்கா பொண்ணு. சளி. கடல் காத்து நல்லதுன்னு டாக்டர் சொன்னாரு."

"நல்ல விஷயம். பாசம் இருக்கணும்" என்றார் அவர்.

கொஞ்ச தூரம் போவதற்குள் அது வந்தது. மஞ்சள் நிறத்தில், கன்றுக்குட்டி அளவில், நாக்கு ஒரு பக்கம் காற்றில் பறக்க, நேராக எங்களை நோக்கி. பின்னால் அரை டிரவுசர் போட்ட ஒருவர் நிதானமாக நடந்து வந்தார். கயிறு அவரிடம் இருந்தது. ஆனால் நாயின் கழுத்தில் இல்லை, அவருடைய கழுத்தில் மாலை மாதிரி தொங்கியது. "கூப்பர், நோ" என்றார். கூப்பருக்கு அது ஊக்கம் கொடுத்ததுபோல் இருந்தது.

"ஒண்ணும் பண்ணாது சார். ரொம்ப ஃப்ரெண்ட்லி."

நான் 'மாமா' என்று மெதுவாகச் சொல்வதற்கு முன்பே மாமா என் பின்னால் போயிருந்தார். என் இரண்டு தோள்களையும் பிடித்துத் தனக்கு முன்னால் கதவு மாதிரி நிறுத்திக்கொண்டார்.

"குழந்தைக்குப் பயம் சார்."

அந்த மனிதர் பதறிவிட்டார். "ஐயோ, சாரி. சாரி பாப்பா" என்று ஓடிவந்து நாயின் கழுத்துப் பட்டையைப் பிடித்துக்கொண்டார். மாமா சொன்ன கணக்கு அப்படியே பலித்தது. இவ்வளவு சக்தி என் பயத்துக்கு இருக்கும் என்று நான் நினைத்ததே இல்லை. லிஃப்ட் விஷயத்தில் ஒருவரும் என்னிடம் 'சாரி' சொன்னதில்லை.

அந்த வாரம் முழுக்க இப்படியே போனது. கூப்பர் வரும்போதெல்லாம் நான் பயந்தேன். உண்மையில் கையை யார் இறுக்கிப் பிடித்தது என்பது என் விரல்களுக்குத்தான் தெரியும். மாமா குப்பைத் தொட்டியைத் தேடிப்போய் டீ கப்பைப் போட்டார். பெண்ணின் அப்பா திருப்தியாகத் தலையாட்டினார். எல்லாம் கைகூடி வந்த நேரத்தில், அவருக்கு என்மேல் அக்கறை வந்துவிட்டது.

"தம்பி, நீங்க செல்லம் குடுக்கறீங்க. இந்த வயசுல பயத்தை வளர விட்டா அப்புறம் போகவே போகாது. ஞாயித்துக்கிழமை நான் பாத்துக்கறேன்."

ஞாயிற்றுக்கிழமை அவர் தன் மகளையும் அழைத்து வந்திருந்தார். சுடிதாரில், அவிழ்ந்த கூந்தலை நொடிக்கொரு தரம் கட்டிக்கொண்டு வந்த அந்த அக்கா என்னைப் பார்த்துச் சிரித்தார். மாமா எங்கே பார்ப்பது என்று தெரியாமல் கடலைப் பார்த்தார். அதே நேரம் பெண்ணின் அப்பா என் கையைப் பிடித்துக் கூப்பரிடம் நடத்திப்போனார். அரை டிரவுசர்காரர் நாயை உட்காரவைத்துப் பட்டையைப் பிடித்திருந்தார்.

"தொட்டுப் பாரு. பயப்படாத."

நான் மாமாவைத் திரும்பிப் பார்த்தேன். அவர் கண்ணால் ஏதோ சொன்னார். பயப்படு என்றா, தொடாதே என்றா என்று தெரியவில்லை. ஒரு வாரமாக அந்தக் காதை அடக்க முடியாத ஆசையோடு பார்த்துக்கொண்டிருந்தவள் நான். ஒரு விரலால் தொட்டேன். வெல்வெட். கூப்பர் என் கை முழுவதையும் ஒரே நக்காக நக்கியது. நான் விழுந்து விழுந்து சிரித்தேன்.

"பாத்தீங்களா? பயம் போச்சு" என்றார் பெண்ணின் அப்பா, வைத்தியம் பலித்த பெருமையோடு.

"அப்ப இனிமே பிரச்சினை இல்ல" என்று அரை டிரவுசர்காரர் பட்டையை விட்டார்.

கூப்பர் என்னைத் தாண்டி நேராக மாமாவிடம் பாய்ந்தது. ஒரு வாரமாகத் தன்னிடம் பேசாத ஒரே ஆள் அவர்தான் என்று அதற்கு ஒரு குறை இருந்திருக்கும். மாமா ஓடினார். அவ்வளவு வேகம் அந்த உடம்பில் இருந்தது எங்கள் வீட்டில் யாருக்கும் தெரியாது. கரையில் இழுத்துப் போட்டிருந்த ஒரு மீன்பிடிப் படகில் ஏறி, உள்ளே கிடந்த துடுப்பை எடுத்து இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டு நின்றார். மணலில் யாரோ படகோட்டுவது போல இருந்தது. விளையாட்டு பிடித்துப்போய் கூப்பர் படகைச் சுற்றிச் சுற்றிக் குரைத்தது.

பக்கத்தில் வலை பிரித்துக்கொண்டிருந்தவர் நிமிர்ந்து பார்த்தார். "இன்னா சார், இதுக்கா இந்த ஓட்டம்? அது பாட்டுக்கு வெளாடிக்கினு கீது. துடுப்பக் கீய வை நைனா, ஒடைச்சிடப் போற."

பெண்ணின் அப்பா படகருகே வந்து நின்றார். "தம்பி, பாப்பாவுக்குத்தான பயம்?"

"ஆமா" என்றார் மாமா, படகின் மேலிருந்து. "வந்து... பாப்பாவுக்குத்தான்."

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். இதற்குள் கூப்பர் களைத்துப்போய் என்னிடம் திரும்பி வந்து, மணலில் உட்கார்ந்திருந்த என் மடியில் தலையை வைத்துப் படுத்துவிட்டது. மாமாவின் கல்யாணம் என் கையில் இருக்கிறது என்பது எனக்கு நன்றாகத் தெரிந்தது. அதன் காதைச் சொறிந்துகொண்டே, முகத்தை எவ்வளவு கோணலாக வைக்க முடியுமோ அவ்வளவு கோணலாக வைத்துக்கொண்டு, "எனக்கு ரொம்பப் பயம்" என்றேன்.

அந்த அக்காதான் முதலில் சிரித்தார். கூந்தல் மறுபடி அவிழ்ந்துவிட்டது.

அவருடைய அப்பா சிரிக்கவில்லை. "நாய்க்குப் பயந்து படகுல ஏறுற ஆளுக்கா என் பொண்ணக் குடுக்கறது?"

"நீங்க பல்லு புடுங்கப் போய், டாக்டர் பேரைக் கூப்பிட்டதும் செருப்பைக்கூட விட்டுட்டு வீட்டுக்கு வந்தீங்களேப்பா."

"அது வேற" என்று அவர் ஒதுங்கிக் கடலைப் பார்த்து நின்றுகொண்டார்.

அக்கா அரை டிரவுசர்காரரிடம் போனார். "சார், அந்தக் கயிறு உங்க கழுத்துல எதுக்கு? நாய்க்குப் போடுங்க."

"ஒண்ணும் பண்ணாதும்மா."

"அது பண்ணாது சார், அவரு பண்ணுவாரு. குதிச்சுக் கால ஒடிச்சுக்குவாரு. அது ஒண்ணும் பண்ணாதுன்னு உங்களுக்குத் தெரியும். அவருக்கு எப்படித் தெரியும்?"

"பெரிய ஆளா இருக்காரேன்னு..."

"குழந்தைக்குன்னா உடனே புடிச்சீங்கல்ல? அதே மாதிரிதான்."

அந்த மனிதர் கயிற்றைத் தன் கழுத்திலிருந்து எடுத்துக் கூப்பருக்கு மாட்டினார். கூப்பருக்கு ஒரு வருத்தமும் இல்லை. எனக்குத்தான் மடி காலியாகிவிட்டது.

அக்கா படகுக்கு வந்தார். மாமா துடுப்பை இன்னும் விடவில்லை.

"பாப்பாவ முன்னால நிறுத்தினது தப்பு."

"தப்புதான்."

"இனிமே பயம்னா நீங்களே சொல்லுங்க."

"சிரிப்பாங்க."

"நானும்தான் சிரிச்சேன். அதுக்கென்ன இப்ப?" என்றவர், துணிக்கடையில் அளவு கேட்கிற மாதிரி சாதாரணமாகக் கேட்டார். "எவ்வளவு தூரத்துல இருந்தா உங்களுக்குப் பரவால்ல?"

மாமா விழித்தார். அப்படி ஒரு கேள்வியை அவரிடம் யாரும் கேட்டதில்லை போலிருக்கிறது. பிறகு தள்ளி இருந்த ஒரு விளக்குக் கம்பத்தைக் காட்டினார். அது உண்மையிலேயே தூரம்தான். அக்கா சிரிக்கவில்லை. அந்த மனிதரிடம் போய்க் கம்பத்தைக் காட்டிச் சொன்னார். கூப்பர் கயிற்றோடு கம்பத்துக்கு அந்தப் பக்கம் போனதும் மாமா இறங்கினார். பிறகு இருவரும் நடந்தார்கள், நடுவில் நான். கயிற்றில் இருந்தால் எவ்வளவு பக்கம் வரலாம், கயிறு இல்லாமல் தூங்கிக்கொண்டிருந்தால் எவ்வளவு, தெருவில் இரண்டாக வந்தால் எந்தப் பக்கம் ஒதுங்குவது என்று அக்கா ஒவ்வொன்றாகக் கேட்டார். மாமாவும், ஆச்சரியம், 'வந்து' போடாமல் பதில் சொன்னார். எனக்குக் கொட்டாவி வந்தது. சோளக்கதிர் வாங்கித் தரவும் அவருக்கு நினைவில்லை.

வீட்டுக்கு வந்ததும் மாமா நேராகக் குளிக்கப் போய்விட்டார். அம்மா என்னைப் பிடித்துக்கொண்டாள். நான் படகையும் துடுப்பையும் சொன்னதும் அவள் நெற்றியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். "பொண்ணு என்ன சொல்லிச்சு? தேதி பத்தி ஏதாவது? மண்டபம்?"

"இல்லம்மா. நாய் எவ்வளவு தூரத்துல வரலாம்னுதான் கேட்டாங்க."

"அவ்வளவுதானா?"

"வழி பூரா அதேதான்."

"போச்சு" என்றாள் அம்மா. "அந்தப் பொண்ணு நல்லா கிண்டல் பண்ணி அனுப்பியிருக்கு."

குளியலறையிலிருந்து மாமா பாடுவது கேட்டது. அதிர்ச்சியில் புத்தி பேதலித்துவிட்டதோ என்று அம்மா அப்பாவைப் பார்த்தாள். யோசித்துப் பார், ஏதாவது விட்டிருப்பாய் என்று அவள் என்னைத் திரும்பத் திரும்பக் கேட்டாள். எனக்குக் கோபம் வந்துவிட்டது. இரண்டு பேருக்கும் நடுவில் நடந்து வந்தவள் நான், ஒரு வார்த்தை விடாமல் கேட்டவள். அவர்கள் கல்யாணத்தைப் பற்றிப் பேசவே இல்லை என்று என் தலையில் கை வைத்து அம்மாவிடம் சத்தியம் செய்தேன்.