உருளைக்கிழங்கு மூட்டையும் அம்மாவின் ஸ்டீரிங்கும்

திங்கட்கிழமை காலையில் அம்மா ஒரு பதில் சொல்ல வேண்டியிருந்தது. எங்கள் லோம் ஊரைச் சுற்றியுள்ள கிராமங்களில் சிறுநீரகம் பழுதான நோயாளிகள் சிலர் இருக்கிறார்கள். அவர்களை வேனில் ஏற்றி மொண்டானா மருத்துவமனைக்கு டயாலிசிஸுக்குக் கொண்டுபோய், மாலையில் அவரவர் வாசலில் இறக்கிவிட ஓட்டுநர் தேவைப்பட்டது. போனில் பேசிய பெண் அதிகாரி அம்மாவிடம் ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள்: "பனியில ஓட்டுவீங்களா?"

"திங்கட்கிழமை சொல்றேன்" என்று அம்மா போனை வைத்துவிட்டாள்.

என் அம்மா ருமியானா அப்படித் தயங்குகிறவள் அல்ல. கல்யாணத்துக்கு முன்பிருந்தே தையல் ஆலையில் வேலை பார்த்தாள். ஜெர்மன்காரர்கள் போடும் மழைக் கோட்டுகளுக்குக் கை தைப்பது அவள் வேலை. ஆலை மூடிய அன்று மற்றவர்கள் அழுதுகொண்டு வந்தார்கள். இவள் வரும் வழியிலேயே டிரைவிங் பள்ளியில் பெயர் கொடுத்துவிட்டு வந்தாள். வகுப்பில் மற்ற எல்லோரும் என் வயதுப் பையன்கள். "உன் அம்மா ரவுண்டானாவுல பஸ்ஸையே நிக்க வச்சுட்டா" என்று என்னோடு படித்தவன் ஒருவன் சிரித்தான். நிற்க வேண்டியது பஸ்தான், அம்மாவுக்குத்தான் முன்னுரிமை என்று அவனுக்குத் தெரியவில்லை. அவன் ஓட்டுநர் தேர்வில் தோற்றான். அம்மா தேறினாள்.

தயக்கம் அப்பாவால் வந்தது. என் அப்பா பிளாமென் கெட்டவர் இல்லை. நான் பிறப்பதற்கு முன் ஒரு குளிர்காலத்தில் அவருடைய லாடா கார் பனியில் வழுக்கிப் பள்ளத்தில் விழுந்தது. அம்மா உள்ளே இருந்தாள். யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. ஆனால் அன்றிலிருந்து பனி என்றால் அப்பாவுக்கு ஸ்டீரிங் தன் கையில் இருக்க வேண்டும்.

"ஓட்டறது வேற, ருமி. பனியில ஓட்டறது வேற. பின்னாடி உக்காந்திருக்கறது நோயாளிங்க, கோட்டுக் கை இல்ல."

அம்மா சூப் கிளறிக்கொண்டிருந்தாள். கரண்டியை வைத்துவிட்டுத் திரும்பினாள்.

"சனிக்கிழமை பம்போரோவோவுக்குப் பனிச்சறுக்கு போறோம்ல? நான் ஓட்டறேன். நம்ம கேட்லேர்ந்து தங்கப்போற வீட்டு வாசல் வரைக்கும். நடுவுல ஸ்டீரிங் ஒரே ஒரு தடவை உன் கைக்கு வந்தாலும் திங்கட்கிழமை முடியாதுன்னு சொல்லிடறேன். வரலன்னா, அதுக்கப்புறம் இந்த விஷயத்துல நீ வாயே திறக்கக் கூடாது."

"மலைப் பாதை ருமி அது."

"பந்தயமா, இல்லையா?"

"பந்தயம்."

இருவரும் கை கோத்தார்கள். "நெவெனா, வெட்டு" என்றாள் அம்மா. நான் எழுந்து போய் உள்ளங்கை விளிம்பால் அந்தக் கைகளை வெட்டிப் பிரித்தேன். மூன்றாம் ஆள் வெட்டிவிட்டால் அதற்குப் பிறகு பந்தயத்தில் பின்வாங்க முடியாது. பள்ளிக்கூடம் முடித்து எட்டு மாதமாக, சோபியாவுக்குப் படிக்கப் போவதா, வேலை தேடி ஜெர்மனிக்குப் போவதா என்று எதையும் வெட்ட முடியாமல் இருந்தவள் நான். அந்த ஒன்றையாவது சுத்தமாக வெட்டினேன்.

சனிக்கிழமை காலை அப்பா முற்றத்திலிருந்து ஒரு பெரிய மூட்டை உருளைக்கிழங்கைத் தூக்கிவந்து காரின் டிக்கியில் போட்டார்.

"எதுக்குப்பா இது? மலையில இல்லாத உருளைக்கிழங்கா?" என்றான் தம்பி அசென். நாங்கள் போகும் ரொடோப்பி மலைக்கு உருளைக்கிழங்கு கொண்டுபோவது கொல்லன் தெருவில் ஊசி விற்பது போல.

"திங்கறதுக்கு இல்லடா. பின்பக்கம் கனமா இருந்தாத்தான் வால் ஆடாது. லாடாவுக்கு இருபது வருஷமா இதுதான் வைத்தியம். பனிச் சங்கிலியும் எடுத்து வச்சாச்சு."

லாடாவை வசந்த காலத்திலேயே விற்றாகிவிட்டது. இப்போது எங்களிடம் இருப்பது பழைய ஓப்பல். அதைப் பற்றி அன்று யாரும் யோசிக்கவில்லை.

அம்மா சாவியைத் திருப்பினாள். அதற்குள் பக்கத்து வீட்டு கீனா அக்கா செம்புப் பாத்திரத்தோடு ஓடிவந்தாள்.

"நில்லுங்க, நில்லுங்க! தண்ணி ஊத்தாம எங்க கெளம்பறீங்க? தண்ணி போற மாதிரி வழுக்கிக்கிட்டுப் போகணும்!"

காருக்கு முன்னால் மொத்தத் தண்ணீரையும் ஊற்றினாள். அன்று எங்கள் ஊரில் பறவை கூட வாயைத் திறக்காத குளிர். நாங்கள் பைகளைச் சரிசெய்து, அசென் தன் கையுறையைத் தேடி எடுத்து, புறப்படுவதற்குள் அந்தத் தண்ணீர் கண்ணாடியாகிவிட்டது. சக்கரம் நின்ற இடத்திலேயே சுற்றியது.

அப்பாவின் கை தானாக ஸ்டீரிங்கை நோக்கிப் போனது.

"அப்பா, கை!" என்று அசென் கத்தினான்.

கை திரும்பி மடிக்கு வந்தது. அம்மா இறங்கிப் போய் கீனா அக்காவின் வாசல் மிதியடியை எடுத்து முன்சக்கரத்துக்கு அடியில் வைத்தாள். கார் ஒரு குலுக்கலோடு தெருவுக்கு வந்தது.

"ஐயோ, என் மிதியடி!"

"மலைக்குப் போய்ட்டு வரட்டும் அக்கா, பத்திரமாத் தர்றேன்!"

சோபியா வரை ஒன்றும் இல்லை. பிளோவ்திவ் வரையும் ஒன்றும் இல்லை. அவித்த முட்டை, பாலாடைக்கட்டி வைத்துச் சுட்ட பனிட்சா, ஊறுகாய் மிளகாய் என்று சாப்பிட்டுக்கொண்டே வந்தோம். அசெனோவ்கிராத் தாண்டியதும் பள்ளத்தாக்கு குறுகியது. ஆற்றோடு சாலையும் வளைந்தது. அம்மா மெதுவாகப் போனாள். பின்னால் வண்டிகள் சேர்ந்து ஹார்ன் அடித்தன.

"ருமி, கல்யாண ஊர்வலம் மாதிரி நம்ம பின்னாடி ஒரு வால் வருது."

"வரட்டும். மாப்பிள்ளை யாருன்னு பாக்கறாங்க போல."

"வேகமாப் போன்னு சொல்லல. கேவலமா இருக்குன்னுதான் சொல்றேன்."

"கேவலமா இருந்தா குனிஞ்சு உக்காந்துக்கோ."

சாலையோரம் ஒரு நீரூற்றுக்கு முன்னால் அகலமான இடம் வந்தது. அம்மா ஒதுங்கி நின்று எல்லா வண்டிகளையும் விட்டாள். போகிற ஒருவன் கண்ணாடியை இறக்கி ஏதோ திட்டினான். அம்மா அவனுக்குக் கையசைத்தாள். "தையல் ஆலையில சூப்பர்வைசர் கத்துவான். கத்தறப்போ கை அவசரப்பட்டா ஊசி விரல்ல ஏறும்" என்று எங்களிடம் சொல்லிவிட்டு மறுபடி சாலைக்கு வந்தாள்.

சேபெலாரே ஊரைத் தாண்டிய சிறு கிராமத்தில் நாங்கள் தங்கவிருந்த வீடு. அதற்கு மேலே, பைன் மரங்களுக்கு நடுவே, சறுக்குப் பாதைகள் வெள்ளை நாடாக்களாகத் தெரிந்தன. அசென் கண்ணாடியில் மூக்கை ஒட்டிக்கொண்டான். வீடும் கண்ணுக்குத் தெரிந்தது. பிரதான சாலையிலிருந்து ஒரு செங்குத்தான சந்து. அதன் உச்சியில் கல் கூரை, புகை, பச்சைக் கதவு.

அம்மா சந்துக்குள் திரும்பினாள். கார் பாதி தூரம் ஏறியது. பிறகு முன்சக்கரங்கள் சுற்றின. சுற்றிக்கொண்டே கார் மெதுவாக, மரியாதையாக, கீழே வந்து நின்றது. மறுபடி முயன்றாள். மறுபடி அதே இடத்திலிருந்து கீழே வந்தோம்.

நான் இறங்கிப் பார்த்தேன். சந்து முழுக்க மேலிருந்து கீழ்வரை ஒரே பனிக்கட்டி, பீங்கான் தட்டு போல. மேலேயிருந்து வீட்டுக்காரி மின்கா மேலங்கியை இழுத்து மூடியபடி வந்தாள்.

"வாங்க, வாங்க! இது என்ன வழுக்கல்னு தெரியலம்மா. ரெண்டு வாரமா மழையும் இல்ல, ஒண்ணும் இல்ல."

அவள் கணவர் வெலிச்கோ மண்வெட்டியோடு பின்னால் வந்தார். "தெரியலையாம்! வாரா வாரம் விருந்தாளி கெளம்பறப்போ ஆளுக்கொரு வாளி தண்ணிய வழியனுப்பன்னு ஊத்தறவ யாரு? இன்னிக்குக் காலையில மட்டும் மூணு குடும்பம்!"

"ஊத்தாம அனுப்பச் சொல்றீங்களா? வழியில ஏதாவது ஆச்சுன்னா?"

"வழிக்கு ஒண்ணும் ஆகல. வாசலுக்குத்தான் ஆயிருக்கு."

அப்பா சங்கிலியை எடுத்து வந்தார். பனியில் மண்டியிட்டு மாட்டிப் பார்த்தார். அது லாடாவின் சங்கிலி. ஓப்பலின் சக்கரம் பெரியது. குழந்தையின் சட்டையைப் பெரியவனுக்குப் போடுவது போலப் பாதியில் நின்றது. மின்கா அடுப்புச் சாம்பலைக் கொண்டுவந்து தூவினாள். அம்மா மறுபடி ஏற்றினாள். சக்கரம் சாம்பலைப் பின்னால் வீசிவிட்டுப் பழையபடி சுற்றியது. கீனா அக்காவின் மிதியடியை வைத்தோம். அது பறந்துபோய் வேலியில் தொங்கியது.

இதற்குள் எதிர்வீட்டு ஜன்னலில் இரண்டு தலைகள். வெலிச்கோ அப்பாவின் தோளைத் தொட்டார்.

"தம்பி, நீங்க உக்காருங்க. பொம்பள எவ்ளோ நேரம் போராடுவா?"

அப்பா அம்மாவைப் பார்த்தார். எங்கள் கேட்டில் நடந்ததைவிட இது கடினமான இடம் என்று அவருக்கே தெரிந்தது. வீட்டு வாசலுக்கும் எங்களுக்கும் நடுவே ஒரு கல்லெறி தூரம்தான். அவர் கைகளைப் பைக்குள் விட்டுக்கொண்டார். ஆனால் கால்கள் ஓட்டுநர் பக்கக் கதவை நோக்கி ஓர் அடி வைத்தன. அந்தக் கைகளை நான்தானே வெட்டினேன்.

அம்மா காரை விட்டு இறங்கினாள். காரைச் சுற்றி ஒரு நடை நடந்தாள். முன்சக்கரத்தைப் பார்த்தாள். டிக்கியைத் திறந்து மூட்டையைப் பார்த்தாள். பிறகு சிரித்தாள்.

"பிளாமென், லாடாவுல எந்தச் சக்கரம் இழுக்கும்?"

"பின் சக்கரம்."

"இதுல?"

அப்பா குனிந்து முன்சக்கரத்தைப் பார்த்தார்.

"முன் சக்கரம்" என்றான் அசென்.

"தையல் மிஷின்ல துணிக்கு மேல ஒரு அழுத்தற பாதம் இருக்கும். அது கீழ துணிய இழுக்கற பல்லுக்கு நேரா அழுத்தினாத்தான் துணி நகரும். வேற எங்க அழுத்தினாலும் சும்மா சுத்தும். நாம இழுக்கறது முன்னாடி, அழுத்தறது பின்னாடி. மேடு வேற எல்லாக் கனத்தையும் பின்னால தள்ளுது." மூட்டையைத் தட்டினாள். "இத முன்னாடி கொண்டு வா. கார நான் திருப்பிக்கறேன்."

"திருப்பி?"

"மூஞ்சி கீழ, முதுகு மேல. அப்போ கனம் எல்லாம் முன் சக்கரத்துமேல உக்காரும்."

"ரிவர்ஸ்லயா? இந்த மேட்டுலயா? ருமி, நான் வேணா..."

"உன் கை வேணாம், பிளாமென். உன் எடை வேணும். ஏறு. மூட்டைய மடியில வச்சுக்கோ."

அப்பா ஒரு கணம் நின்றார். பிறகு ஏறி முன்சீட்டில் உட்கார்ந்தார். நானும் வெலிச்கோவும் மூட்டையைத் தூக்கி அவர் மடியில் வைத்தோம். மூட்டைக்கு மேலே அவருடைய கண்களும் கம்பளித் தொப்பியும் மட்டும் தெரிந்தன. இரண்டு கைகளாலும் அதைக் கட்டிப்பிடித்திருந்தார். ஸ்டீரிங்கைப் பிடிக்க அவரிடம் வேறு கை இல்லை.

சாலையோரத்தில் அம்மா காரைத் திருப்பினாள். கழுத்தை வளைத்துப் பின்கண்ணாடி வழியாகப் பச்சைக் கதவைப் பார்த்தாள். ஊசியில் நூல் கோக்கும்போது அவள் முகம் எப்படி இருக்குமோ அப்படியே இருந்தது. கார் பின்னோக்கி நகர்ந்தது. வேகமும் இல்லை, நிற்கவும் இல்லை. முதல் இரண்டு முறையும் வழுக்கிய இடத்தில் சக்கரம் ஒரு சுற்று சும்மா சுற்றியது. "அழுத்து, அழுத்து" என்று அம்மா காரிடம் சொல்வது திறந்த கண்ணாடி வழியே கேட்டது. அப்பா தன்னிடம் சொல்கிறாள் என்று நினைத்து, மூட்டையோடு டேஷ்போர்டு மேல் சாய்ந்தார். சக்கரம் கடித்தது. கார் ஏறியது. பச்சைக் கதவுக்கு முன்னால், பின்பக்கமாக, வந்து நின்றது.

எதிர்வீட்டு ஜன்னல் திறந்து யாரோ கைதட்டினார்கள். வெலிச்கோ மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு, "நாப்பது வருஷமா இந்த மேட்டுல இருக்கேன். இப்படி யாரும் வீட்டுக்கு வந்ததில்ல" என்றார்.

மின்கா மூட்டையை எட்டிப் பார்த்தாள். "உருளைக்கிழங்கா? எங்களுக்கா?"

"இல்லம்மா" என்றார் அப்பா மூச்சு வாங்கிக்கொண்டு. "இது இஞ்சின்."

நாங்கள் இரண்டு நாள் சறுக்கினோம். அசென் மேல் பாதையிலிருந்து இறங்கினான். அப்பா பழைய பாணியில் கால்களை ஒட்டிவைத்து அழகாகச் சறுக்கினார். அம்மா குழந்தைகளின் மேட்டில் சறுக்குக் கட்டைகளின் நுனிகளைச் சேர்த்துவைத்து, விழுந்து, எழுந்து, மறுபடி விழுந்தாள். "இதுல ரிவர்ஸ் இல்லையா?" என்று பயிற்சியாளரிடம் கேட்டாள். பந்தயத்தைப் பற்றி யாரும் பேசவில்லை. வேலையைப் பற்றியும் அப்பா ஒரு வார்த்தை பேசவில்லை. ஒத்துக்கொண்டாரா, மனதுக்குள் புழுங்குகிறாரா என்று எனக்குத் தெரியவில்லை. பந்தயம் வாசல் வரைக்கும்தான். இறங்கும் வழி பற்றி யாரும் பேசியிருக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை மதியம் புறப்பட்டோம். பைகளை ஏற்றியாகிவிட்டது. வெலிச்கோ பிளம் பழத்தில் காய்ச்சிய ராக்கியா சாராய பாட்டிலோடு வெளியே வந்து, சம்பிரதாயத்துக்கு அப்பாவிடம் நீட்டினார். "ஓட்டறவங்களுக்கு வேணாம்னு தெரியும். சும்மா மோந்து பாருங்க."

அப்பா கோப்பையை வாங்கினார். காரைப் பார்த்தார், பனிமூடிய மேட்டைப் பார்த்தார், அம்மாவைப் பார்த்தார். ஒரே மடக்கில் குடித்தார். கோப்பையை மறுபடி நீட்டினார்.

"இன்னொண்ணு ஊத்துங்க அண்ணே. சட்டம் சட்டம்தான். இனி லோம் போய்ச் சேர்ற வரைக்கும் நான் ஸ்டீரிங்கத் தொட முடியாது."

 அம்மா கண்ணாடியில் முகம் பார்த்துத் தொப்பியைச் சரிசெய்தாள்.

அப்போது கதவிலிருந்து மின்கா நிரம்பிய வாளியோடு வந்தாள். "நில்லுங்க, வழிக்குத் தண்ணி!"

நான்கு பேரும் சேர்ந்து "வேணாம்!" என்று கத்தினோம்.

மின்கா பயந்துபோய் நின்றாள். "தண்ணி இல்லாம எப்படிம்மா அனுப்பறது? மனசு கேக்காதே."

அம்மா இறங்கிப் போய் வாளியில் கை குவித்து அள்ளிக் குடித்தாள். பல் கூச முகத்தைச் சுளித்தாள். "இப்ப என் வயித்துக்குள்ள ஊத்தியாச்சு. வழி என்கூடவே வரும். மிச்சத்த மாட்டுக்கு வைங்க." மின்கா சிரித்தபடி அவளைக் கட்டிக்கொண்டாள். வேலியில் தொங்கிய மிதியடியை அசென் எடுத்துவந்தான்.

திங்கட்கிழமை காலை அம்மா சமையலறையில் நின்று அந்த அதிகாரிக்குப் போன் செய்தாள். அப்பா வேலைக்குப் போகும் அவசரத்திலும் ஒரு காலணியை மட்டும் மாட்டிக்கொண்டு வாசலிலேயே நின்றார்.

"பனியிலயா? ஓட்டுவேங்க" என்றாள் அம்மா. "முன்னாலயும் ஓட்டுவேன், பின்னாலயும் ஓட்டுவேன்."